கூரை ஒழுகியதால் கிடைத்த அருங்காட்சியகம்

ஓவியங்களுக்கு அருங்காட்சியகம் வைத்தால் ஓவியமே அங்கே வந்துவிடும். சிலையும் வரும். கட்டடம் வராது. அதன் வரைபடம் வரும், மாடல் வரும், போட்டோ வரும், எங்கோ இடித்த வீட்டின் கதவு ஒன்று வரும், கட்டடம் மட்டும் தன் ஊரிலேயே நின்றுகொண்டிருக்கும். சென்னையில் ஒரு தனியார் அறக்கட்டளைக்காகச் சின்னதாக ஒரு கட்டடக்கலை அருங்காட்சியகம் வடிவமைத்துக் கொடுத்தேன். இரண்டரை வருட வேலை. அவ்வளவு நாளும் இந்த ஒரு சிக்கலோடுதான் மல்லுக்கட்டினேன்.

கட்டடத்தையே கொண்டுவந்து வைக்கிற இடங்களும் உண்டு. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறதே, 1996இல் திறந்தது, அங்கே செட்டிநாட்டு வீடு, கேரளத்து மரவீடு எல்லாவற்றையும் பிரித்து எடுத்து வந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பத்து ஏக்கர் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பழைய வீடு. நான்கு அறை, நடுவில் முற்றம், தெருப்பக்கம் வராந்தா, மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணிச் சுண்ணாம்புத் தளம்.

1984இல் பிராங்பர்ட்டில் திறந்த கட்டடக்கலை அருங்காட்சியகத்தின் படங்களை முதல் ஆறு மாதம் மேசையிலேயே பரப்பி வைத்திருந்தோம். பழைய மாளிகை ஒன்றின் வெளிச்சுவர்களை அப்படியே நிறுத்திவிட்டு, உள்ளே வெள்ளை வெளேரென்று இன்னொரு வீட்டை எழுப்பியிருப்பார் கட்டடக் கலைஞர் உங்கர்ஸ். வீட்டுக்குள் வீடு. உள்ளே வருகிறவர் பார்க்கும் முதல் காட்சிப்பொருள் அந்தக் கட்டடம்தான். நாங்கள் அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டதோ வெள்ளைச் சுவரை மட்டும். எங்கள் லே-அவுட்டில் நான்கு அறைக்கும் ஜிப்சம் பலகை, ஏசி குழாயை மறைக்க ஃபால்ஸ் சீலிங், வரிசையாகப் பீடங்கள், அவற்றின் மேல் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் மாடல்கள். ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது.

அந்த வருட ஐப்பசி மழையில் இரண்டாம் அறை ஒழுகியது. மாடல் ஒன்றின் மேலேயே சொட்டியது. மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். மாடியில் ஏறி ஒழுகும் இடத்தைச் சுற்றி நாலடிக்கு நாலடி வெட்டி எடுத்தார். மழை விட்டு வேலை தொடங்க இரண்டு வாரம் ஆயிற்று, அதுவரை தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம்.

அந்த இரண்டு வாரமும் வந்தவர்கள் எல்லாரும் அந்த வெட்டைத்தான் பார்த்தார்கள். கூரியர் கொண்டு வந்த பையன், எலக்ட்ரீஷியன், கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர், டிரஸ்டி ஒருவர், யார் வந்தாலும் மாடி ஏறி, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கனமா? உள்ளே கம்பியே இல்லையா?" என்று கேட்டார்கள். கம்பி இல்லை. தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி மூலைவாட்டில் ஓட்டிய வரிசைகள், அதற்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து அடித்த கெட்டி, கடைசியில் தட்டையான ஓடு. மூலையிலிருந்து தொடங்கி ஒரு வரிசை முந்தைய வரிசையின் மேல் சாய்ந்து ஒட்டிக்கொண்டே போகும் என்பதால் அடியில் பலகை அடைத்து முட்டுக்கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒன்றரை வருடமாக மாடல்களைக் காட்டியபோது யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பீடத்துக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் ஃபால்ஸ் சீலிங் இந்தத் தளத்தைத்தான் மறைக்கப் போகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டடக்கலைக்கென்று இடம் ஒதுக்கிவிட்டு, அங்கே இருக்கிற நிஜக் கட்டடத்தை அட்டை வைத்து மூடப் பார்த்திருக்கிறோம்.

வெட்டிய இடத்தை அப்படியே கண்ணாடி போட்டு விட்டுவிடலாம் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏம்மா, பாதி வேலையில விட்டுட்டுப் போனா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? தண்ணி இறங்காதா?" அவர் சொன்னது சரி. கண்ணாடியின் ஓரத்தில் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். தளத்தை மூடிவிட்டு, வராந்தாவில் இடுப்பு உயரத்தில் தனியாக ஒரு துண்டு கட்டுவது என்று முடிவாயிற்று, நிஜ அளவில், ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கைவிடக் கொஞ்சம் பின்வாங்கி, படிக்கட்டு மாதிரி. நான் வரைந்து கொடுத்த படத்தில் செங்கல்லைக் கட்டைக்கு நேராக ஓட்டியிருந்தேன். அவர் படத்தை ஒருமுறை பார்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அப்புறம் வெளியே எடுக்கவே இல்லை.

சுண்ணாம்பைப் பல நாள் ஊறப்போட்டார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாசனை வராந்தா முழுக்க நின்றது, புளிப்பும் துவர்ப்புமாக. ஜல்லிக் கலவையைப் பரப்பியதும் சித்தாள்கள் நான்கு பேர் மரக்கட்டையால் அடிக்கத் தொடங்கினார்கள், நடுவே நடுவே அந்தத் தண்ணீரைத் தெளித்தபடி. முதல் நாள் சத்தம் பொத்துப் பொத்தென்று இருந்தது. மூன்றாம் நாள் கட்டை கலவையில் பதியாமல் எகிறியது, சத்தமும் கணீரென்று மாறிவிட்டது. போதும் என்று அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நிறுத்தினார்கள். அதை ஒலிப்பதிவு செய்தேன், இப்போது அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் முதல் நாளும் மூன்றாம் நாளும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. திரை, டச் ஸ்கிரீன் எதுவும் அங்கே வைக்கவில்லை.

ஃபால்ஸ் சீலிங்கை எடுத்ததும் ஏசிக்கு வழியில்லாமல் போயிற்று. பழைய வரைபடங்களை மட்டும் ஓர் உள்ளறைக்கு மாற்றி, அந்த அறைக்கு மட்டும் தனியாகக் குளிரூட்டினோம். மற்ற மூன்று அறைக்கும் முற்றத்துக் காற்றுதான். வரைபட அறையைப் பற்றித் தனியாகவே எழுதலாம், அவ்வளவு பாடுபடுத்தியது. பழைய வரைபடங்களை வரைந்த டிரேசிங் துணி கஞ்சி போட்டு மெருகேற்றிய துணி. ஈரம் பட்டால் சுருங்கும், கஞ்சியைத் தேடி ராமபாணப் பூச்சி வரும். புளூ பிரிண்ட் என்கிற நீல நகல் வெளிச்சத்தில் வெளிறும், காரம் (அமிலத்துக்கு எதிரானது, ஆல்கலி) பட்டாலும் வெளிறும். சாதாரணக் காகிதத்துக்கு நல்லது என்று காரம் சேர்த்த உறைகளை மொத்தமாக வாங்கி, புளூ பிரிண்டுகளையும் அவற்றில் போட இருந்த நேரத்தில் ஆவணப் பாதுகாப்பு தெரிந்த ஒருவர் பார்த்துத் தடுத்தார். நல்லவேளை.

வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது, அவ்வளவு மங்கலில் பென்சில் கோடு கண்ணுக்குத் தெரியாது. இதற்கு வழி லண்டனில் கிடைத்தது. ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் தன் வீட்டையே அருங்காட்சியகமாக விட்டுப்போனார், 1833இல் அதற்கென்றே நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்ற வைத்து. அங்கே ஒரு சின்ன அறையில் நூற்றுக்கு மேல் படங்கள் இருக்கின்றன, சுவரே கதவு மாதிரித் திறக்க, உள்ளே இன்னொரு சுவர். அவர் அதை இடம் போதாமல் செய்தார். நாங்களும் அப்படித் திறக்கும் பலகைகள் வைத்தோம், எங்களுக்கு அது வெளிச்சத்துக்கும் உதவியது. பலகையைத் திறக்கும்போது மட்டும் விளக்கு எரியும், மற்ற நேரம் வரைபடம் இருட்டில் ஓய்வெடுக்கும். பார்க்க வருகிறவரே தன் கையால் திறப்பதால் நின்று நிதானமாகப் பார்க்கிறார்.

தரைப்படத்தைப் படிக்கத் தெரியாமல் நிறையப் பேர் தயங்குவார்கள். அதற்காக நுழைவாயில் மேசையில் அந்த வீட்டின் தரைப்படத்தையே பெரிதாக வைத்து, நிற்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தோம். "இது முற்றம், அப்ப சமையலறை எங்க?" என்று விரல் வைத்துத் தேடுகிறார்கள். கண்டுபிடித்ததும் போய்ச் சரிபார்க்கிறார்கள்.

லேபிளுக்குத்தான் கடைசி இழுபறி. மற்ற அறைகளில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதை வடிவமைத்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. வராந்தாத் துண்டுக்கு 'பாரம்பரியத் தொழில்நுட்பம்' என்று மட்டும் போதும் என்று அறக்கட்டளையில் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேஸ்திரி பெயரும் சித்தாள்கள் நான்கு பேர் பெயரும் அதே எழுத்தில் அதே அளவில் வர வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் கேட்டு வாங்கினேன். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஐந்து பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு அம்மா தன் பெயரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இனிசியல் விட்டுப்போச்சே" என்றார். அன்று மாலையே ஸ்டிக்கர் வெட்டுகிறவரைத் திரும்ப வரவழைத்து, அந்த வரியை முழுதாக உரித்துவிட்டு இனிஷியலோடு புதிதாக ஒட்டினோம்.