பர்லியார்ல பழம் வாங்க நிறுத்தினா எடுக்காத வண்டி

போன வருஷம் ஏப்ரல்ல அம்மாவை கோயமுத்தூர்ல கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு குன்னூர் திரும்பிக்கிட்டு இருந்தோம். வண்டி அப்பா விட்டுட்டுப் போன பழைய பெட்ரோல் அம்பாசடர், 1489 சிசி. மேட்டுப்பாளையத்துல வெயில் மண்டையப் பொளக்குது, கல்லார்ல இ-பாஸ் செக்கிங் வரிசை, நம்ம நீலகிரி டிஎன் 43 வண்டிக்கு பாஸ் வேண்டாம்தான், அதுக்காக முன்னாடி நிக்கிறவன் தலைக்கு மேலயா பறந்து போறது. அப்புறம் ஒரு லோடு லாரி பின்னாடியே ரெண்டாவது கியர்ல உருட்டி உருட்டி மலை ஏறி பர்லியார் வந்து சேர்ந்தோம். "டேய், பலாச்சுளை வாங்கிட்டுப் போலாம்டா"ன்னாங்க அம்மா. ஆஃப் பண்ணினேன். பத்து நிமிஷம்தான். திரும்ப செல்ஃப் அடிச்சா சுத்துது சுத்துது, எடுக்கவே இல்ல.

பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்துட்டு "ஏர் புடிச்சிருக்குங்க"ன்னார். ஹீட்டுலதான்னு நான் சொன்னேன். அம்மா மட்டும் "கீழ அந்த வெயில்ல ஓடுன வண்டி, ஜில்லுனு காத்து வர்ற இடத்துல எப்படிடா ஹீட் ஆகும்?"னு கேட்டாங்க. சரியான கேள்வி!

வண்டி ஓடுற வரைக்கும் ஃபேன் சுத்துது, பம்ப் வழியா புது பெட்ரோல் வந்துக்கிட்டே இருக்கு, அதனால சூடு ஒரு அளவுல நிக்கும். ஆஃப் பண்ணின உடனே ரெண்டும் நின்னு போச்சு, ஆனா இன்ஜின் புகையை சைலன்சருக்குக் கொண்டு போற இரும்புக் குழாய், மேனிஃபோல்டு, தணல் மாதிரி அப்படியே இருக்கு, அம்பாசடர்ல அதுக்கு மேலதான் பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்ப்பரேட்டரே உக்காந்திருக்கு, பம்ப்போ இன்ஜின் பிளாக்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு. பெட்ரோல்ல இருக்கிற லேசான சமாச்சாரமெல்லாம் 40 டிகிரி பக்கத்துலயே ஆவியாக ஆரம்பிச்சிரும். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளத் தெரியாது, உள்ள இருக்கிற ரப்பர் சவ்வு, டயாபிரம், அதை அமுக்கி அமுக்கி விட்டுக்கிட்டே இருக்கும். அதுதான் வேப்பர் லாக், கடைக்காரர் சொன்ன "ஏர்" காத்து இல்ல, இந்த ஆவிதான்.

இதுல மலை வேற சேர்ந்துக்குது. ஊட்டில குக்கர் இல்லாம பருப்பு வேகாதுன்னு இங்க எல்லார் வீட்டுலயும் தெரியும், தண்ணி அங்க 93 டிகிரிலயே கொதிச்சிரும், காத்தழுத்தம் கம்மி. பெட்ரோலுக்கும் அதே கதைதான். பழைய பம்ப் டாங்கில இருந்து உறிஞ்சி இழுக்குது, உறிஞ்சினா குழாய்க்குள்ள அழுத்தம் இன்னும் கொறையும், குக்கருக்கு நேர் எதிர் வேலை!

ஆனா ஹீட்ல நின்ன வண்டி எல்லாமே வேப்பர் லாக் இல்லைங்க. அன்னிக்கு நான் ஏர் ஃபில்டரைக் கழட்டி, கார்ப்பரேட்டர் வாய்க்குள்ள பார்த்துக்கிட்டே ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்தேன், பெட்ரோல் பீச்சல, வறண்டு கிடந்துச்சு. பீச்சிருந்தா பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயிலைத்தான் சந்தேகப்படணும், சூட்டுல செத்து ஆறுனப்புறம் உயிர் வர்ற காயில் நெறைய இருக்கு. இல்ல, பெட்ரோல் வாசம் குப்புனு அடிக்குதுன்னா கார்ப்பரேட்டர்ல இருந்தது கொதிச்சு வழிஞ்சு உள்ள இறங்கிருச்சுன்னு அர்த்தம், அப்ப ஆக்சிலேட்டரை பம்ப் பண்ணாம அடி வரைக்கும் மிதிச்சுப் புடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கணும். டாங்கி மூடில காத்து ஓட்டை அடைச்சிருந்தாலும் இதே மாதிரிதான் நிக்கும், மூடியைத் திறந்தா "புஸ்"ஸுனு காத்தை இழுக்கும்.

பேனட்டைத் தூக்கி வெச்சு, அம்மா துண்டை நனைச்சு பம்ப் மேலயும் குழாய் மேலயும் சுத்தினேன். மேனிஃபோல்டு மேல மட்டும் தண்ணி ஊத்திராதீங்க, வார்ப்பிரும்பு, விரிசல் விட்டுரும். இருபது நிமிஷத்துல எடுத்துருச்சு. துண்டு போனதுக்கு இன்னிக்கும் திட்டு.

அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். எலக்ட்ரிக் பம்ப் போடுங்கண்ணான்னு நானே கேட்டேன், அவர் "மொதல்ல சூடு ஏன் வருதுன்னு பாப்போம் தம்பி"ன்னுட்டார். பிளக் தீப்பொறி விடுற டைமிங் பின்னாடி போயிருந்துச்சு, ஃபேன் பெல்ட் தொளதொளன்னு இருந்துச்சு, ரேடியேட்டர்ல பாதி துரு. அதையெல்லாம் சரி பண்ணி, பெட்ரோல் குழாயை மேனிஃபோல்டு பக்கத்துல இருந்து தள்ளி வளைச்சு, மேல ஹீட் ஸ்லீவ் போட்டு, கார்ப்பரேட்டர் அடியில கனமான பேக்கலைட் பேக்கிங் வெச்சார். ரப்பர் ஹோஸ் மொத்தமும் எத்தனால் தாங்குறதா மாத்தினோம், இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவெச்சு உரிச்சிருது, சூடான மேனிஃபோல்டு மேல பெட்ரோல் சொட்டினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

இதெல்லாம் செஞ்சும் நின்னா மட்டும் டாங்கி பக்கத்துல எலக்ட்ரிக் பம்ப் போடலாம், அது உறிஞ்சாம தள்ளும். ஆனா அழுத்தம் 2, 3 பிஎஸ்ஐ தாண்டாத கார்ப்பரேட்டர் பம்ப்பா பார்த்து வாங்கணும், இன்ஜெக்ஷன் வண்டி பம்ப்பைப் போட்டா கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் வரத்தை அடைக்குற ஃப்ளோட் ஊசி தாங்காம வழியும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியா கனெக்ஷன் குடுத்தா இன்ஜின் நின்னதும் பம்ப்பும் நிக்கும். எனக்கு அது வரைக்கும் தேவைப்படல.

இப்பவும் பர்லியார்ல நிக்கிறோம், ஆனா ரெண்டு மூணு நிமிஷம் ஐடில்ல விட்டுத்தான் ஆஃப் பண்றேன், பேனட்டும் திறந்து வெச்சிருவேன். பலாப்பழத்தை விட இவன் வண்டி குடிக்கிற பெட்ரோல் விலை ஜாஸ்தின்னு கடைக்காரர்கிட்ட புலம்பிக்கிட்டே அம்மா சுளை பொறுக்குவாங்க.