வெயிலிலும் டை

இங்கிலாந்துப் பள்ளி ஒன்றின் வாசலை நெருங்கிய சிறுவன், பையிலிருந்து டையை எடுத்துக் காலரில் மாட்டினான். முடிச்சுப் போடும் வேலையே இல்லாத, கிளிப் வைத்த டை.

சட்டை நுனி வெளியே தொங்குவதை ஆசிரியை சுட்டிக்காட்ட, "சாரி மிஸ்" என்று உள்ளே செருகிக்கொண்டான். இங்கிலாந்தில் மணமான ஆசிரியையும் பிள்ளைகளுக்கு மிஸ்தான்.

2017 ஜூன் வெயிலில் அரைக்கால்சட்டைக்கு அனுமதி கிடைக்காததால், எக்ஸிடர் நகரின் ஈஸ்கா அகாடமி பள்ளியின் ஆண் மாணவர்கள் பலர், சீருடையில் இடம்பெற்றிருந்த பாவாடையை அணிந்து வகுப்புக்கு வந்தார்கள். விதியை வைத்தே விதியைக் கேலி செய்த அந்தக் குறும்பை மெச்சுகிறேன்.

ஆயினும் சீருடையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

என்னை உறுத்துவது விலை. சீருடைச் செலவைக் குறைக்க 2021இல் சட்டமே வந்தது. சாம்பல் நிறக் கால்சட்டையைச் சூப்பர்மார்க்கெட்டில் மலிவாக வாங்கலாம், பள்ளிச் சின்னம் பொறித்த பிளேசர் கோட்டை அப்படி வாங்க முடிவதில்லை.