கயிறு

மார்ச் 1, ஞாயிறு

திருகோணமலையில் பழைய தொழில்களைச் செய்து காட்டும் நாளுக்கு இன்னும் 27 நாள். கயிறு இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

நூதனசாலைக் கூட்டம் இரண்டரை மணி நேரம் இழுத்தது. நெல் குற்றுவது, பன்பாய் இழைப்பது, வலை பொத்துவது எல்லாம் பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டன. மிச்ச நேரம் முழுக்கக் கரைவலைதான், கயிறுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தும்புக் கயிற்றையே எடுத்து இழுத்துக் காட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டார். எனக்கு உடம்பு பதறியது. 2004 மார்கழியில் பழைய கரைவலைக்காரர் அப்புவின் வள்ளம், வலை, வாடி எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. மகள் வீட்டு முகட்டில் சுருட்டி வைத்திருந்ததால் அந்தக் கயிறு மட்டும் தப்பியது. ஒரு புரி அறுந்தால் அறுந்ததுதான். பெட்டியில் இருப்பது பெட்டியிலேயே இருக்கட்டும், இழுக்கிறதற்குப் புதிதாகத் திரிப்போம் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

ஆனால் எப்படி? மட்டையை உவர்த் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட வேண்டும். அதன் பிறகுதான் அடித்துத் தும்பு எடுக்கலாம். 25 நாளில் நடக்காது. தும்பை விலைக்கு வாங்க வேண்டியதுதான்.

மார்ச் 5, வியாழன்

சிப்பாய் உடை தைக்கலாமாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று வரிசை அணிவகுப்பு. 1624இல் கட்டினார்கள், 1639இல் பிடித்தார்கள், 1795இல் பிடித்தார்கள். அதையெல்லாம் சொல்லக் கோட்டை மதில் அங்கே நிற்கிறது. அதன் நிழலில் வலை இழுத்தவர்களைச் சொல்ல யார் நிற்கிறார்கள்?

இன்னொன்று. கம்பஸில் படிக்கிற தம்பி, 1942 ஜப்பானிய விமானத் தாக்குதலைச் சொல்லும் மேசைக்குச் சைரன் ஒலி போட வேண்டும் என்கிறான். நல்ல பிள்ளை, இரவு பகலாக வேலை செய்கிறான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். உடனே பதில் வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அப்பு இன்னும் வார்டில்தான்.

மார்ச் 8, ஞாயிறு

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பு மெலிந்துவிட்டார். காலிரண்டும் வீங்கிக் கிடக்கின்றன.

மாசி மாதம் திருக்கடலூரில் அவர் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருத்தி, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைப் போனில் பதிய முயன்றேன். நாலு வரிக்கு மேல் வரவில்லை. "மறந்துபோச்சு பிள்ளை" என்று தலையைத் தலையை ஆட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

இன்றைக்குக் கட்டிலில் சாய்ந்திருந்தவர், "கயிறு திரிச்சாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தோளில் கிடந்த துவாயை எடுத்தார். ஒரு நுனியை என் கையில் தந்து, "இறுக்கிப் பிடி" என்றார். மற்ற நுனியைத் தான் பிடித்துப் பின்னால் சாய்ந்து ஒரு இழு இழுத்தார். வரி வந்தது. அடுத்த இழுவைக்கு அடுத்த வரி. நான் "ஏலோ" சொல்லச் சொல்ல ஒன்பது, பத்து, பதினொன்று என்று வந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி உட்கார்ந்துவிட்டார். தாதி மிஸ் வந்து நிற்பாட்டும் வரைக்கும் இழுத்தோம்.

எனக்கு இது ஏன் முதலே விளங்கவில்லை? வலையைச் சுற்றி வளைத்துவிட்டு வள்ளம் கரைக்கு வந்த பிறகு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மடி கரை சேரும் மட்டும் இழுக்க வேண்டும். ஒருவன் முந்தி இழுத்தாலும் பிந்தி இழுத்தாலும் பாரம் மற்றவன் முதுகில் விழும். எல்லாக் குதிக்காலும் ஒரே நேரத்தில் மணலில் பதிவதற்குத்தான் அந்தப் பாட்டு. வரி முடிகிற இடத்தில் மூச்சு, மூச்சு முடிகிற இடத்தில் இழுவை. கதிரையில் இருத்தி வைத்துப் பாடு என்றால் எங்கிருந்து வரும்? இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். அதற்குப் பாட்டுத் தேவையில்லை. இழுக்கிறவர்களுக்கு முதுகு மிச்சம், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பதியவில்லை. போன் பையிலேயே கிடந்தது.

மார்ச் 11, புதன்

கிண்ணியா ராத்தா பாய் இழைக்கிற பன் கட்டோடு வந்தா. சாயம் போடும்போது எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்று எழுதித் தந்தா. நோன்பு என்பதால் சமையல் ஒத்திகை பெருநாள் முடியத்தான். பழைய காலத்து உடுப்புப் போட வேண்டுமா என்று கேட்டா. நீங்கள் எப்போதும் உடுக்கிறதையே உடுத்துக்கொண்டு வாங்கோ என்றேன். முகம் தெளிந்தது.

மார்ச் 14, சனி

தும்பு வந்தது! விறாந்தையில் எட்டுப் பேர் இருந்து திரித்தோம். உள்ளங்கை எரிகிறது. மூன்று புரி சேர்த்து 11 மீற்றர். உண்மையான கரைவலைக் கயிறு கிலோமீற்றர் கணக்கில் போகும். எங்களுக்கு 40 போதும்.

மார்ச் 15, ஞாயிறு

தம்பி என்னிடம் சொல்லாமல் ஸ்பீக்கரில் சைரனைப் போட்டுப் பார்த்துவிட்டான். அரை நிமிடம்கூட இருக்காது. முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த மாமி சுளகைப் போட்டுவிட்டு உரலுக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டா. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு. நெல் எல்லாம் மண்ணில்.

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று மாமிதான் எனக்குச் சொன்னா.

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு நெல்லாகப் பொறுக்கினான்.

மார்ச் 16, திங்கள்

நித்திரை இல்லை. அன்றைக்கே அவனுக்குக் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா தீபாவளி வெடிக்கே அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுவா. எங்கள் தெருவில் அப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர். இதைச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை?

மார்ச் 19, வியாழன்

1942 மேசைக்கான பலகையை நான்தான் எழுதினேன். ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அவ்வளவுதான். ஒரு வரைபடம், ஒரு கதிரை. வருகிறவர்கள் விரும்பினால் இருந்து தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லட்டும். சத்தம் எதுவும் இல்லை.

கயிறு 26 மீற்றர்.

மார்ச் 21, சனி

பெருநாள். ராத்தா வீட்டிலிருந்து வட்டிலப்பம்.

மார்ச் 23, திங்கள்

வாசலில் கட்டிய தென்னோலைத் தோரணத்தை இரவோடு இரவாக மான்கள் தின்றுவிட்டன. வெள்ளிக்கிழமை இரவுதான் இனிக் கட்ட வேண்டும்.

தம்பி ஒரு கிழமையாகப் பின்னேரங்களில் காணாமல் போகிறான். எங்கே என்று கேட்கவில்லை.

மார்ச் 25, புதன்

அப்புவுக்கு மூச்சு இழுக்கிறதாம். டொக்டர் வெயிலில் நிற்கவே கூடாது என்றிருக்கிறார்.

ஓடிப் போனேன். வார்டு வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே தம்பி கட்டிலோரம் குந்தியிருந்து துவாயின் மற்ற நுனியைப் பிடித்திருந்தான். அப்பு இழுக்கவில்லை. விரலால் கட்டில் சட்டத்தில் தட்டுகிறார், இவன் இழுக்கிறான், இவன் பாடுகிறான். பிழைத்த இடத்தில் அப்பு கையைத் தூக்குகிறார். திரும்ப முதலிலிருந்து.

உள்ளே போகாமல் வந்துவிட்டேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. இந்த மனிதர் சுகமாக வேண்டும் என்று கும்பிடுகிறேனா, சனிக்கிழமைக்கு வந்துவிட வேண்டும் என்று கும்பிடுகிறேனா? கோணேசர் மலையை அண்ணாந்து பார்த்தபோதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 26, வியாழன்

கயிறு 40 மீற்றர். கடைசி முடிச்சை மாமி போட்டா.

மார்ச் 27, வெள்ளி

இரவு 9.40. அப்புவின் மகள் போன் எடுத்தா. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்களாம். காலமை ஆறு மணிக்கு, வெயில் ஏற முதல், அரை மணி நேரம் காருக்குள் இருந்து பார்க்கட்டும் என்று டொக்டர் சம்மதித்திருக்கிறார். பாடக் கூடாது. "அவர் கேக்கிற ஆளோ அக்கா?" என்று அழுதுகொண்டு சிரிச்சா.

அப்பு சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று: காய்ந்த கயிற்றை இழுக்காதேங்கோ, கை கிழியும், கடல் தண்ணியில் ஊறப்போட்டு எடுங்கோ.

மார்ச் 28, சனி

விடிய 4.50. தம்பி வாசலில் நிற்கிறான். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டிருக்கிறான். கடலுக்குப் போகிறோம்.