கறிவேப்பிலைக்குத் தண்ணி விடாதேங்கோ

இரவு வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே நான் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. யன்னலடியில் நிற்கிற கறிவேப்பிலைச் சாடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பது. நேற்றுத் தூக்கினேன். கல்லுப் பாரம். மண்ணுக்கு மேலே இரண்டு மூன்று தேயிலைத் தூள் ஒட்டிக் கிடந்தது.

"அம்மா, இதுக்குத் தண்ணி விட்டனீங்களோ?"

"நான் ஏன் விடுறன்? கோப்பை கழுவின தண்ணி ஒரு மிடறு ஊத்தினனான். வாயில்லாச் சீவன், வாடிப்போய் நிக்குது."

அம்மாவும் நாங்களும் கறிவேப்பிலையும் கனடாவில், ஸ்காபரோவில் ஒன்றாகக் கடக்கிற நாலாவது விண்டர் இது. இப்போது நிற்பது மூன்றாவது கண்டு. முந்திய இரண்டும் குளிரில் செத்தன என்றுதான் வீட்டில் எல்லாரும் நம்புகிறார்கள். இல்லை. இரண்டையும் தண்ணி விட்டுத்தான் கொன்றோம்.

முதலாவது செத்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தை மாதக் கடைசி. இலையெல்லாம் மஞ்சளாகி விழுந்த பிறகு தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தேன். ஆடிக்கொண்டிருந்த பால்பல்லு மாதிரிக் கையோடு வந்துவிட்டது. வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் கறுத்த மண்ணிறம். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து உருவினேன். வெளித்தோல் வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. மணந்து பார்த்தால் அடைத்துக் கிடந்த வாய்க்கால் மணம்.

அம்மாவில் பிழை சொல்ல ஏலாது. யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துச் செம்மண்ணில் வளர்ந்தவ. அங்கே காலமை இறைத்த தண்ணி பின்னேரம் நிற்காது. மார்கழியிலும் பகல் பொழுது 11 மணி 30 நிமிடத்துக்குக் குறையாது. இங்கே டிசம்பர் 21 ஆம் திகதி சூரியன் வெளியில் நிற்பது 9 மணி நேரம் அளவில், அதுவும் முகில் விட்டால்தான். வெளிச்சம் குறைந்தால் செடி வளர்வதை நிறுத்திவிடும். வளராத செடி தண்ணியும் குடிக்காது. குடிக்காத தண்ணி சாடிக்குள் தேங்கி, மண்ணில் காற்றுப் போக இடம் இல்லாமல் வேர் அழுகும். இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், ஹீட்டர் காற்று மேல்மண்ணை ஒரே நாளில் காயவைத்துவிடும். மேலே பார்த்தால் பாலைவனம், கீழே சேறு. பார்க்கிறவர்களுக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது சட்டம் இப்படி: சாப்பாட்டுக் கடையில் தருகிற மரச் சாப்ஸ்டிக் ஒன்றை அடிமட்டும் குத்தி, பத்து நிமிடம் விட்டு இழுத்துப் பார்ப்பது. ஈரமாகக் கறுத்திருந்தால் ஒரு சொட்டும் இல்லை. காய்ந்து வந்தால் கை பொறுக்கிற இளஞ்சூட்டுத் தண்ணி, அடித் துளையால் வடியுமட்டும். வடிந்ததைத் தட்டில் நிற்கவிடாமல் ஊற்றிவிட வேண்டும். ஐப்பசியில் இருந்து பங்குனிவரை பசளை கிடையாது. மற்றபடி வாய் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் வேலை. அது லேசான வேலை என்று நினைக்காதேங்கோ.

இரண்டாவது கண்டின் கதை மோர்க் கதை. பக்கத்து வீட்டு அக்கா மதுரைக்காரர். "அண்ணே, புளிச்ச மோரை ஊத்திப் பாருங்க, தளதளன்னு வரும்" என்றார். ஊரில், முற்றத்தில், வெயிலில் அது சரியாக இருக்கலாம். பூட்டின யன்னலுக்குள் ஜனவரி மாதத்தில் ஊற்றினால் முதல் நாள் மணம், பத்தாம் நாள் கொசு. நுளம்பைச் சொல்லவில்லை, ஈர மண்ணில் முட்டையிட்டுக் கிளம்புகிற கறுத்தப் பொடிப்பூச்சி. அதன் புழு மெல்லிய வேர்களைத் தின்னும். மகளின் பால் கோப்பைக்குள் ஒன்று விழுந்த அன்று வீட்டில் பெரிய சண்டை. மஞ்சள் ஒட்டு அட்டை வாங்கிக் குத்தினேன், நூறு நூற்றைம்பது ஒட்டியிருக்கும். அட்டையில் ஒட்டுவது பறக்கிறது மட்டும்தான். மண்ணில் கிடக்கிற புழு சாகவேண்டுமென்றால் மேலே இரண்டு அங்குலம் நன்றாகக் காயவேண்டும். அதற்கும் மருந்து தண்ணி விடாமல் இருப்பதுதான். எனக்கு அந்தப் புத்தி வரமுதல் கண்டு போய்விட்டது.

இந்த மூன்றாவதை ஒழுங்காகச் செய்தேன். செப்டெம்பர் கடைசியில், இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்கமுதல், உள்ளே எடுத்தேன். எடுத்த உடனே குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் மேலும் கீழும் கழுவினேன். தண்டில் மண்ணிறப் பொட்டு மாதிரி ஒட்டியிருந்தது மரு இல்லை, செதில்பூச்சி. பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணியில் பழைய பல்தூரிகையைத் தோய்த்துத் தேய்த்தால் விழும். இலை பிசுபிசு என்று ஒட்டினால் அதுகள் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் ஒன்று, சிலந்திப்பேன். வெள்ளைக் கடதாசியைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால், விழுந்த தூசியில் சிலது நடக்கும்.

யன்னலடியிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. தெற்குப் பார்த்த யன்னல்தான் வெளிச்சத்துக்கு நல்லது. ஆனால் இந்த ஊரில் வீடு கட்டினவர்கள் ஹீட்டர் துவாரத்தைச் சரியாக யன்னலுக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் உறைகிற கண்ணாடி, மறு பக்கம் கருவாடு காயவைக்கிற காற்று. துவாரத்துக்கு மேலே காற்றைத் திருப்பிவிடுகிற பிளாஸ்ரிக் மூடி ஒன்று போட்டேன், இலை கண்ணாடியில் முட்டாமல் சாடியை அரை முழம் தள்ளி வைத்தேன். ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி 22 வீதம் காட்டியது. இலைக்குத் தண்ணி தெளிப்பதால் ஒன்றும் நடக்காது, அரை மணியில் பழையபடி ஆகிவிடும். ஹியுமிடிஃபயர் ஓடவிட்டால் பலன் தெரியும். வெளியில் -20 என்றால் அதையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் யன்னல் கண்ணாடி வியர்த்து அடியில் ஐஸ் கட்டும்.

செடிக்கு என்று ஒரு எல்.ஈ.டி. விளக்கும் வாங்கினேன். முதல் கிழமை இருபத்திநாலு மணி நேரமும் எரியவிடப் பார்த்தேன். "அதுக்கும் நித்திரை வேணும்தானே" என்று அம்மா ஒவ்வொரு இரவும் நிறுத்திவிட்டுப் படுப்பா. நான் விடிய வந்து போடுவேன். பிறகு வாசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி, செடிக்கு இருட்டும் வேணும். இப்போது ரைமர் போட்டு 14 மணி நேரம்.

மற்றச் செடிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மணிபிளான்ட் எதையும் தாங்கும். கற்றாழையைப் பேஸ்மென்ட் யன்னலில் மறந்துபோய் விட்டேன், ஆறு கிழமை கழித்துப் பார்த்தால் என்னைவிட நல்லாக இருக்கிறது. துளசி நிற்காது, அம்மா விதை எடுத்து மாத்திரைப் போத்தலுக்குள் வைத்திருக்கிறா.

கறிவேப்பிலை இப்போது பாதி மொட்டை. நகத்தால் தண்டைச் சுரண்டினேன், உள்ளே பச்சை. ஆகவே நித்திரைதான், சாவில்லை. மே மாதம் விக்டோரியா டே விடுமுறை முடிந்த பிறகு வெளியில் வைப்பேன், முதல் கிழமை நிழலில். அதுவரை தாளிக்கக் கடைக் கறிவேப்பிலைதான், பைக்கற்றில்.

தேயிலைத் தூள் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மாவுக்கென்று போன மாதம் ஒரு ரம்பை, கறிக்கு வாசத்துக்குப் போடுகிற நீட்டிலைச் செடி, வாங்கி, விளக்குக்குக் கீழே சூடான மூலையில் வைத்தேன். ஈரத்தைத் தாங்குகிற சாதி. "இது உங்கட, விரும்பின மாதிரித் தண்ணி விடுங்கோ" என்று கொடுத்தேன். மூன்று புது இலை வந்துவிட்டது. நேற்றுச் சண்டை முடிய அம்மா ரம்பையைக் கொண்டுவந்து கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தா.

"தண்ணி விட்டா எப்பிடி வளருது எண்டு ரெண்டையும் பாரன்" என்றா.