மூடிய நுரையீரலைத் திறக்குமுன்

ஆக்சிஜன் ஏறவில்லை என்றதும் வென்டிலேட்டரின் அழுத்தத்தைக் கூட்டி நுரையீரலைத் திறந்துவிடக் கை துடிக்கும். பெங்களூரில் நாங்கள் வேலை பார்க்கும் ஐ.சி.யூ.வில் அதற்கு முன் டேப்பைத்தான் எடுப்போம். ஓசூர்ப் பக்கமிருந்து வரும் குடும்பத்தாரிடம், "அண்ணா, அப்பா எவ்வளவு உயரம்?" என்று கேட்டால், "என் காது வரைக்கும் வருவார் சார்" என்பார்கள். அதை வைத்து டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சுக்குத் தள்ளும் காற்றின் அளவு, போட முடியாது. படுக்கையைச் சமமாக்கி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளக்க வேண்டும். உயரத்தில் 152.4 போக மிஞ்சும் செ.மீ.யை 0.91-ஆல் பெருக்கி, ஆணுக்கு 50-உம் பெண்ணுக்கு 45.5-உம் கூட்டுவோம். இதுதான் உயரத்துக்கேற்ற எடை; 165 செ.மீ. ஆணுக்கு 61.5 கிலோ வரும். கிலோவுக்கு 6 மி.லி. என்றால் 370-க்குள். அவருடைய நிஜ எடை 85 கிலோ என்று எடுத்தால் 510! ஏ.ஆர்.டி.எஸ். என்னும் கடும் நுரையீரல் பாதிப்பில் திறந்திருக்கும் கொஞ்சநஞ்ச இடம் அத்தனையையும் வாங்கி அடிபடும்.

அடுத்த கேள்வி, இந்த நுரையீரல் திறக்கக்கூடியதா என்பது. இதைக் கேட்காமல் பீப்பை (மூச்சு வெளிவந்த பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) ஏற்றுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. நோயாளி சொந்தமாக மூச்சு இழுக்கக் கூடாது; மயக்கமும் தசைத்தளர்வும் முழுதாக இருக்க வேண்டும். டைடல் வால்யூம் 360 மி.லி., பீப் 15 செ.மீ. நீர் அழுத்தம். மூச்சு எண்ணிக்கையை 8-க்கு இறக்குவோம், முந்தைய காற்று உள்ளே தேங்கி நின்றால் கணக்கு கெடும். பிறகு ஒரே மூச்சில் பீப்பை 5-க்கு இறக்கி, அந்த ஒரு மூச்சில் வெளிவந்த காற்றைத் திரையில் பார்க்க வேண்டும். 760 என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த 360 போக 400. பீப் 5-இல் பிளாட்டோ (உள்மூச்சு முடிவில் நிறுத்திப் பார்க்கும் அழுத்தம்) 20 என்றால் வித்தியாசம் 15; 360-ஐ அதனால் வகுத்தால் கம்ப்ளையன்ஸ் (ஒரு செ.மீ. அழுத்தத்துக்கு நுரையீரல் விரியும் அளவு) 24, பத்து செ.மீ. இறக்கத்துக்கு 240 எப்படியும் வரும். மீதி 160-தான் பீப்பால் திறந்திருந்த இடம். அதைப் பத்தால் வகுத்தால் 16. அந்த 16-ஐ 24-ஆல் வகுத்தால் விகிதம் 0.67. அரைக்கு மேல் என்றால் திறக்கும் நுரையீரல். வெளிவந்தது 650 என்றால் விடை 0.2; பீப்பை ஏற்றினால் நல்ல பகுதிதான் உப்பும். மூச்சுக்குழாய் ட்யூபைச் சுற்றி அடைக்கும் கஃப் (காற்றுப்பை) கசிந்தால் வெளிமூச்சு குறைவாகக் காட்டும், முதலில் அதைச் சரிபாருங்கள்.

திறக்கும் என்று தெரிந்தால் பீப்பை 15-க்குக் கொண்டுபோய், நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை 2 வீதம் இறக்கி, ட்ரைவிங் பிரஷர் (பிளாட்டோவில் பீப் போக மிஞ்சுவது) மிகக் குறைவான இடத்தில் நிறுத்துவோம். 40 செ.மீ. அழுத்தத்தை 40 வினாடி பிடிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டோம். பீப்பை மிக உயரம் ஏற்றித் திறந்து பார்த்த ஆர்ட் ஆய்வு 2017-இல் வந்தது. 28 நாளில் இறப்பு 55.3 சதவீதம், சாதாரண முறையில் 49.3. வென்டிலேட்டர் குழாய் (சர்க்யூட்) கழன்று நுரையீரல் சுருங்கிவிட்டால் மட்டும் 30 செ.மீ. அளவில் சில வினாடி பிடிப்பதுண்டு, அதுவும் ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து காட்டும், தமனியில் போட்ட ஆர்ட்டீரியல் லைன் ஓடும்போதுதான். மார்பின் அழுத்தம் ஏறினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். "சார், மேப் 58" என்று, சராசரி ரத்த அழுத்தம் (மேப்) இறங்கியதை சிஸ்டர் சொன்ன கணமே நிறுத்த வேண்டும், மீதி வினாடியை எண்ணக் கூடாது. பீப்பை இறக்கியும் பி.பி. ஏறவில்லையா, நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே மார்பில் காற்று சேர்வது) இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டை மார்பில் வையுங்கள்.

இத்தனை பாடுபட்டுத் திறந்ததை ஃபில்டர் மாற்றக் கழற்றும் ஒரு நொடி மூடிவிடும். உள்மூச்சின் முடிவில் ட்யூபைத் துணி சுற்றிய கிளாம்பால் இறுக்கி, வென்டிலேட்டரை ஸ்டாண்ட்பையில் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். மாட்டி மூச்சு ஓட ஆரம்பித்ததும் கிளாம்பை எடுங்கள். கம்பிச்சுருள் உள்ள ஆர்மர்ட் ட்யூபில் இது கூடாது, நசுங்கினால் அப்படியே நின்றுவிடும். சொந்தமாக மூச்சு இழுப்பவருக்கும் கூடாது. சளி எடுக்க, சர்க்யூட்டைக் கழற்றாமலே உறிஞ்சும் க்ளோஸ்ட் சக்‌ஷன்.

விகிதம் 0.2 வந்தவருக்கு பீப்பைக் குறைத்துவிடுவோம். பி/எஃப் (ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தைக் கொடுக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுத்த எண்) 150-க்குக் கீழே என்றால், விகிதம் எதுவானாலும் குப்புறப் படுக்க வைப்போம், குறைந்தது 16 மணி நேரம். (பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரம், ஏ.ஆர்.டி.எஸ்.ஸுக்கான பெர்லின் வரையறை 1000 மீட்டரைத் தாண்டினால்தான் பி/எஃப்பைத் திருத்தச் சொல்கிறது, மயிரிழையில் தப்பினோம்.) முதுகுப் பக்கத்தில் நசுங்கிக் கிடந்த பகுதி அழுத்தம் ஏற்றாமலே திறக்கும். திருப்புமுன் தலைமாட்டில் நிற்பவர் உதட்டோரம் ட்யூப் எத்தனை செ.மீ. என்று உரக்கச் சொல்ல வேண்டும். திருப்பிய பிறகும் அதே எண்தான் வர வேண்டும்.