பானெட் ஒருவழியாக உட்கார்ந்தது: ஸ்பிட்ஃபயர், பதினான்காம் மாதம்

இடைவெளி நாலு மில்லிமீட்டர். இடது பக்கம் நாலு, வலது பக்கம் நாலரை. அந்த அரையை யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதியாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு, முழங்காலால் முட்டுக்கொடுக்காமலே இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று விழுந்து பானெட் உட்கார்ந்தபோது கராஜில் நான் மட்டும்தான். திறந்தேன், மூடினேன், திறந்தேன், மூடினேன். பதினோரு முறை. "அங்க என்னதான் தட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

முந்தைய பதிவுகளைப் படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. வண்டி 1972 டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4. சேசிஸும் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலாட்டி வரைந்த உருவமும் அப்படியே இருக்கும், மற்றதெல்லாம் எடை குறைப்புக்கு உட்பட்டது. திரவங்களெல்லாம் ஊற்றி 650 கிலோவுக்குள் நிற்க வேண்டும். ஆலையிலிருந்து வந்தபோது ஏறக்குறைய 780. அந்த இரும்பு 1296 சிசி எஞ்சின் போய், முழு அலுமினிய ரோவர் கே-சீரீஸ் 1.8 வருகிறது. முதல் எலிஸ் ஸ்போர்ட்ஸ் காரில் லோட்டஸ் வைத்த அதே எஞ்சின் குடும்பம், 118 குதிரைசக்தி. பின்னால் ஃபோர்டின் டைப் 9 ஐந்து கியர் பெட்டி. ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் கேட்டர்ஹாம்காரர்கள் இந்த இரண்டையும் முப்பது வருடத்துக்கு முன்பே சேர்த்துவைத்துவிட்டதால் பெல்ஹவுசிங் (எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கூடு), சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இரண்டுக்கும் நான் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. வெல்டிங், ஃபைபர், பெயின்ட் எல்லாம் வெளியே கொடுத்துச் செய்வது. கழற்றுவது, மாட்டுவது, புலம்புவது மட்டும் நான்.

இதற்கெல்லாம் தூண்டுதல் 1965 லெ மான்ஸ் பந்தயம். 1147 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு இரண்டு ஸ்பிட்ஃபயர்கள் 24 மணி நேரம் ஓடி, ஒட்டுமொத்தத்தில் 13, 14ஆம் இடங்களில் முடித்து, தங்கள் வகுப்பில் முதல் இரண்டு இடத்தையும் அள்ளிக்கொண்டு போயின. அந்த மெலிந்த வண்டிகளின் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பட்டறைக்குக் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பை எழுதினேன். 'கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எடையைக் குறை, தெரியும் இடத்தில் கை வைக்காதே' என்பது அதன் முதல் வரி. தெரியாத இடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சரி, பானெட்.

ஸ்பிட்ஃபயரில் பானெட் என்பது வண்டியின் முன்பாதி முழுவதும். விளக்கு, மட்கார்டு, மூக்கு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். மூடும்போது அதன் பின்விளிம்பு ஒரே சமயத்தில் கதவோடும், கண்ணாடிக்குக் கீழே உள்ள ஸ்கட்டிலோடும், சில்லின் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம்) முனையோடும் ஒத்துப்போக வேண்டும். முன்னால் ஹிஞ்ச் பிராக்கெட்டில் நீளத் துளைகள், பின்னால் உயரம் கூட்டிக் குறைக்க ரப்பர் கூம்புகள். ஒன்றை நகர்த்தினால் மூன்று கெடும். இரும்பு பானெட்டில் இது பாதி நாள் வேலை, இரும்பைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம். என்னுடையது அச்சில் வார்த்த ஃபைபர், வீல் ஆர்ச் ஓரத்தில் மட்டும் உள்ளே கார்பன் பட்டை, வேகத்தில் படபடக்கக் கூடாது என்பதற்காக. குளியலறைத் தராசில் பழசு 42 கிலோ, புதுசு 16.5. இரண்டுமே விளக்குகள் இல்லாமல். இந்த ஒரு பொருளில் 25 கிலோ போனது என்று பெருமையாக வீட்டில் சொன்னேன், "நீங்க அதுல பாதியாவது குறைக்கலாமே" என்று பதில் வந்தது.

மாட்டினால் வலது பக்கம் மட்டும் ஏழு மி.மீ. வாய் பிளந்து நிற்கிறது. இடது பக்கம் சுத்தமாக இருக்கிறது. ஹிஞ்சை நகர்த்தினேன், கூம்பை ஏற்றினேன், இறக்கினேன், ஷிம் என்கிற மெல்லிய தகடுகள் வைத்தேன். வலதைச் சரிசெய்தால் மூக்கு கோணுகிறது, மூக்கைச் சரிசெய்தால் இடது கதவில் உரசுகிறது. ஒரு வார இறுதி, இரண்டு, மூன்று. அச்சே கோணலாக இருக்கும் என்று முடிவுகட்டி, பானெட் செய்துகொடுத்த பட்டறைக்கு கொஞ்சம் காரமாகவே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர் பொறுமையாகப் பதில் போட்டார்: "உங்கள் பழைய இரும்பு பானெட் இருக்கிறதல்லவா, அதை மாட்டிப் பார்த்தீர்களா?"

மாட்டிப் பார்க்கவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. மாட்டினேன். அதே வலது பக்கம், அதே ஏழு மி.மீ.

வயிற்றில் ஏதோ கரைந்தது. பானெட் சரி, உடம்புதான் கோணல்.

அம்மா போன தடவை வந்தபோது குளிர்சாதனப் பெட்டிக்கு மீனாட்சி கோயில் கோபுரம் போட்ட ஒரு காந்தம் வாங்கி வந்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். வலது கதவின் பின்விளிம்பில் மேலிருந்து கீழாக நகர்த்தினால், முதல் ஒரு சாண் தூரத்துக்கு கோபுரம் ஒட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு கையில் விழுந்தது. அதற்குக் கீழே 'சட்'டென்று பிடித்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டிப் பார்த்தால் ப்ரைமருக்குக் கீழே ரோஜா நிறத்தில் பட்டி, ஒரு இடத்தில் ஐந்து மி.மீ. ஆழம். கதவின் ஓரத்தை மேலே தேய்த்தெடுத்துவிட்டு, இடைவெளி நேராகத் தெரிவதற்காகப் பட்டி பூசி விளிம்பு 'உருவாக்கி'யிருக்கிறார்கள்.

இது சில் மாற்றிய பட்டறையின் கைங்கரியம். (அந்தப் பட்டறை வேறு, பானெட்காரர் வேறு. பெயர் கேட்காதீர்கள்.) ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஸ்பிட்ஃபயருக்கு முன்னோடியான ஹெரால்டில் சேசிஸுக்குப் பக்கவாட்டுக் கம்பிகள் உண்டு, ஸ்பிட்ஃபயரில் அவை கிடையாது, அந்தச் சுமையைச் சில்தான் தாங்குகிறது. கதவு வாயில் குறுக்குக் கம்பி போட்டு இறுக்காமல் சில்லை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவு வாயின் மேல்பக்கம் சுருங்கிவிடும். இடது பக்கம் கம்பி போட்டுச் செய்தவர்கள், வலது பக்கம் வெள்ளிக்கிழமை மதியம் செய்தார்களோ என்னவோ. மூலைவிட்டம் அளந்து பார்த்தால் வலது கதவு வாய் இடதைவிட ஆறு மி.மீ. வித்தியாசம். முன்தூண் பின்னால் சாய்ந்துவிட்டது. அதோடு ஒட்ட வேண்டிய பானெட் பாவம் என்ன செய்யும்?

பேசிப் பார்த்தேன். "ஐம்பது வருட வண்டி சார், எல்லாமே கொஞ்சம் முன்பின் இருக்கும்" என்றார்கள். அதற்குமேல் பேசினால் ரத்த அழுத்தம்தான் மிச்சம் என்று, வேறு ஒரு வெல்டரைப் பிடித்தேன். ஓய்வுபெற்றவர், இப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேலை செய்கிறார். அவர் வந்து முதலில் கேட்டது, "எஞ்சின் ஏற்றியாயிற்றா?" இல்லை என்றதும் திரும்பிப் போய்விட்டார். எஞ்சின் எடை சேசிஸின் மேல் உட்காராமல் இடைவெளி பார்ப்பது வீண் வேலையாம். நான் கிண்டலாக, பழைய இரும்பு எஞ்சினை ஏற்றிவைக்கலாமா, சும்மா எடைக்கு என்றேன். கூடாது, ஓடப்போகிற எஞ்சின்தான் வேண்டும் என்றார். ஆக, மே மாதம் செய்வதாக இருந்த கே-சீரீஸை மார்ச்சிலேயே உள்ளே இறக்கினேன்.

அப்புறம் நடந்ததை நான் மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். சேசிஸை நாலு ஸ்டாண்டில் மட்டம் பார்த்து நிறுத்தினார். வலது சில்லின் வெல்டுகளைப் புள்ளி புள்ளியாகத் துளைத்து விடுவித்தார். கதவு வாயில் ஒரு டர்ன்பக்கிளைப் பொருத்தினார், கொடிக்கம்பி இறுக்கும் சமாச்சாரத்தின் பெரியண்ணன். அதை ஒரே மூச்சில் முறுக்கவில்லை. கால் சுற்று, அளவு, ஒரு வாய் தேநீர். கால் சுற்று, அளவு. இடையில் உடம்புக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் மவுண்ட்டுகளைத் தளர்த்தி, நடுவில் இருக்கிறவற்றுக்குக் கீழே ஒன்றரை மி.மீ. அலுமினிய ஷிம் ஒன்று சேர்த்து, முன்னால் இருந்த ஒன்றை உருவினார். உலோகம் தன் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும் என்பதால் வேண்டிய அளவைவிட ஒரு மி.மீ. கூடுதலாகத் திறந்து, இரவு முழுக்க அப்படியே விட்டுவிட்டுப் போனார். காலையில் வந்து டர்ன்பக்கிளைத் தளர்த்திப் பார்த்தால் முக்கால் மி.மீ. உள்ளே போயிருந்தது. "நல்ல பிள்ளை" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தார். அதன் பிறகுதான் டாக் வெல்டு (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் புள்ளி வெல்டு), கதவை மாட்டிப் பார்ப்பது, மறுபடி டாக், கடைசியில் முழு வெல்டு, அதுவும் சூடு ஒரே இடத்தில் சேராமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக.

தேய்த்தெடுத்த கதவு குப்பைக்குப் போனது. வேறு கதவு பிப்ரவரியில் ஸ்டோன்லி உதிரிபாகச் சந்தையில் சும்மா எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்தது. அப்போது வீட்டில் வாங்கிய திட்டுக்கு இப்போது அர்த்தம் கிடைத்துவிட்டது. பானெட்காரருக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தேன். "இது சோப்பா?" என்று கேட்டுவிட்டு, சாப்பிட்ட பிறகு இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

நடுவில் அப்பா கதை. திருச்சியில் அப்பா வைத்திருந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மெட்ராஸில் செய்தது. ஸ்பிட்ஃபயரின் சேசிஸ் ஹெரால்டிலிருந்துதான் பிறந்தது என்பதால் என் வண்டியின் முன்சக்கரங்களைப் பற்றி அவருக்கு ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தே கருத்து உண்டு. வீடியோ அழைப்பில் சஸ்பென்ஷனைக் காட்டியதும் முதல் கேள்வி:

"ட்ரனியனுக்கு என்னடா விட்ட?"

"ஆயில்தான்பா. ஈபி 90."

"கிரீஸ் விடலியே?"

"இல்லப்பா."

"கிரீஸ் விட்டவன் வீல் கழண்டு ரோட்டுல நின்னான்."

உண்மைதான். ட்ரனியன் என்பது முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு; அந்த வெண்கல மூட்டுக்குள் திருகாணி மாதிரி சுழலும் இரும்புத் தண்டுக்கு கிரீஸ் உள்ளே வரை போய்ச் சேராது, ஈரம் சேர்ந்து அரித்து ஒருநாள் முறியும். ட்ரனியனே இல்லாத மாற்று கிட் கேன்லி கிளாசிக்ஸில் கிடைக்கிறது, பாதி பேர் அதற்கு மாறிவிட்டார்கள். நான் இப்போதைக்கு மாறவில்லை. அப்பாவிடம் சொல்லும் தைரியம் இல்லை என்பது ஒரு காரணம்.

எடை குறைப்பதில் யாரும் எச்சரிக்காத ஒரு தொல்லை பின்னால் காத்திருந்தது. ஸ்விங் ஆக்சில் (சக்கரமும் அச்சும் ஒன்றாக நடுவிலிருந்து மேலும் கீழும் ஊசலாடும் அமைப்பு) என்பதால் வண்டி லேசாக ஆக ஆக பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது, சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே மடங்குகிறது. பழைய ஸ்பிட்ஃபயர்கள் வளைவில் ஆளைக் கவிழ்க்கப் பார்த்ததே இந்த மடங்கலால்தான். மார்க் 4இல் பெரும்பாலான பட்டைகளை இறுக்கிப் பிடிக்காமல் ஊசலாடவிடும் ஸ்பிரிங் வைத்து அதை அடக்கினார்கள், ஆனால் அது அன்றைய எடைக்குக் கணக்குப் பார்த்தது. இப்போது என் வண்டி கொண்டைச் சேவல் மாதிரி வாலைத் தூக்கி நிற்கிறது. டிஃப்ரன்ஷியலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு அலுமினியக் கட்டை வைத்தால் இறங்கும். ஆர்டர் போட்டிருக்கிறேன். டிஃப்ரன்ஷியலின் பல்விகிதத்தையும் 1500 மாடலின் 3.63க்கு மாற்றப் போகிறேன், பழைய 3.89ஓடு டைப் 9இன் குட்டை முதல் கியரும் சேர்ந்தால் சிக்னலில் நகர்வதற்குள் இரண்டாவது போட வேண்டிவரும். ஃபோர்டு அந்த முதல் கியரை யாருக்காகச் செய்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கூலிங் இன்னும் தொடங்கவே இல்லை. கே-சீரீஸின் ஹெட் கேஸ்கெட் அடிக்கடி போய்விடும் என்ற புகழ் எல்லாருக்கும் தெரியும். லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் பின்னாளில் வந்த, எஞ்சினுக்கு வெளியே குழாயில் பொருத்தும் தெர்மோஸ்டாட்டைத்தான் வைக்கப் போகிறேன், குளிர்ந்த தண்ணீர் சூடான எஞ்சினுக்குள் திடீரென்று பாயாமல் இருக்க. ஹெட்டை நகராமல் பிடிக்கும் ஸ்டீல் டவல் பின்கள் ஏற்கெனவே போட்டாயிற்று. ரேடியேட்டர் அலுமினியத்தில் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன், மூன்று வாரம் என்றார்கள், ஆறு என்று எடுத்துக்கொள்வோம்.

தராசுக் கணக்கு இன்று: பேட்டரி 13இலிருந்து 3, சீட்டுகள் இரண்டும் சேர்ந்து 26இலிருந்து 12, பம்பர் இரண்டும் பெட்டியில் தூங்குகின்றன. தனித்தனியாக எடைபோட்டுக் கூட்டினால் 668 வருகிறது. இன்னும் 18 கிலோ எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை. ஹீட்டரை எடுத்துவிடலாம் என்று வெல்டர் சொன்னார். கவென்ட்ரி ஜனவரியில் ஹீட்டர் இல்லாமலா? அவர் இங்கேயே பிறந்தவர், சொல்லுவார்.

ரேடியேட்டர் வந்ததும் அதைப் பொருத்த வசதியாக முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். அதாவது இந்த பானெட்டைக் கழற்ற வேண்டும். நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு மறுபடி கராஜுக்குப் போய், ஒவ்வொரு ஹிஞ்ச் போல்ட்டைச் சுற்றியும் மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டு, கூம்புகளின் உயரத்தை வெர்னியரில் அளந்து சுவரிலேயே எழுதிவைத்து, எல்லாவற்றையும் நாலு கோணத்தில் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டேன். அப்புறம் இன்னும் ஒரே ஒரு முறை திறந்து மூடினேன்.