வாய்வார்த்தையாகக் கிடைத்த இடமும் ஓய்வு பெற்றுவிட்ட கோச்சும்

நவம்பரில் பெரியவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சாக்கர் அணியில் இடம், கட்டணத்தில் ஒரு பகுதிக்கு உதவித்தொகை, அவள் கேட்ட பயாலஜி. டிவிஷன் 2, அதாவது அமெரிக்கக் காலேஜ் விளையாட்டின் இரண்டாம் அடுக்கில் உள்ள காலேஜ். அதற்கு முந்தைய வருஷம் இதே சமயம் வேறொரு காலேஜின் ஸ்வெட்ஷர்ட்டை வாங்கி வைத்திருந்தோம். டிவிஷன் 1, மேல் அடுக்கு. அந்த ஸ்வெட்ஷர்ட் இப்போது கராஜில் பெயின்ட் துடைக்கும் துணியாக இருக்கிறது.

அந்தக் காலேஜின் பேரைச் சொல்லப்போவதில்லை. என் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே பெண்கள் அணியை நடத்தி வந்த கோச் அவர். நாங்கள் அந்த இடத்தைப் பெரிதாக நினைத்ததற்குக் காரணமே அதுதான். இத்தனை வருஷம் ஒரே இடத்தில் இருப்பவர் இன்னும் ஐந்து வருஷம் இருக்கமாட்டாரா என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

நாங்கள் இருப்பது நார்த் கரோலினாவில் கேரி. சேப்பல் ஹில்லுக்குக் காரில் அரை மணி நேரம். இந்த வட்டாரத்தில் ஒரு பெண் பிள்ளை பந்தை ஒழுங்காக உதைத்துவிட்டால் அடுத்த பேச்சு ஆன்சன் டோரன்ஸ்தான். 1977இல் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்குக் கோச்சாக வந்தவர், கூடவே சட்டமும் படித்துக்கொண்டிருந்தார். கிளப்பாக ஆடிக்கொண்டிருந்த மாணவிகள் தங்களையும் பல்கலைக்கழக அணியாக்கச் சொல்லிக் கேட்டபோது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று இவரை அனுப்பினார்கள். நன்றாக ஆடுகிறார்கள் என்று வந்து சொன்னவர் தலையிலேயே 1979இல் அந்த வேலையையும் கட்டிவிட்டார்கள். வக்கீல் ஆகும் திட்டம் அதோடு போயிற்று. விளையாட்டிலும் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்ற டைட்டில் 9 சட்டம் 1972இல் வந்திருந்தாலும், பெண்கள் சாக்கரைப் பெரிதாக எடுத்துக்கொண்ட காலேஜ்கள் அப்போது சொற்பம். காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. முதல் முதலாகப் பெண்கள் சாக்கர் சாம்பியன்ஷிப் போட்டி நடத்தியதே 1982இல்தான். அதையும் இவர் அணிதான் ஜெயித்தது. 1982இலிருந்து 2000 வரை நடந்த 19 போட்டிகளில் 16 இவர்களுக்கு. 1986 முதல் 1994 வரை இடைவெளியே இல்லாமல் ஒன்பது. 2012 வரை மொத்தம் 21 கோப்பைகள். நடுவில் அமெரிக்கப் பெண்கள் அணிக்கும் கோச்சாக இருந்து, 1991இல் சீனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். அந்த அணியின் நட்சத்திரங்கள் மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி எல்லாம் இவர் வார்ப்பு.

அவர் பிறந்தது பம்பாயில். எங்கள் ஊர்த் தமிழர் கூடும் இடங்களில் யாராவது ஒருவர் இதைப் புதுச் செய்தி மாதிரி சொல்லாமல் இருக்கமாட்டார். நானும் சொல்லிவிட்டேன்.

சேப்பல் ஹில்லில் அவர் பேரையே வைத்து 2019இல் புது மைதானம் திறந்தார்கள். கோடை முகாமுக்கு அங்கே போய்வந்த பெரியவள் பந்தைப் பற்றிச் சொன்னதைவிட அவர் பயிற்சி முறையைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். ஒவ்வொரு பயிற்சியிலும் ஒருத்தியை ஒருத்தி எதிர்த்து ஆடிய ஆட்டம், ஓட்டம், ஹெட்டிங் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் குறித்து, வரிசைப்படுத்தி, எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டிவிடுவாராம். அமெரிக்கப் பெற்றோர் சிலர் பிள்ளை மனசு உடைந்துவிடாதா என்று கேட்டார்கள். ரேங்க் கார்டில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வளர்ந்த எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

பெண் பிள்ளையை அனுப்பும் தாயாக இன்னொன்றையும் படித்து வைத்திருந்தேன். 1998இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர், வீராங்கனைகளின் அந்தரங்க விஷயங்களை அவர் தகாத விதமாகப் பேசினார் என்று வழக்குப் போட்டார்கள். ஒன்று 2004இலும் மற்றது 2008இலும் சமரசத்தில் முடிந்தன. இரண்டாவதில் 385,000 டாலர் கொடுக்கப்பட்டது, அவர் மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். வெற்றிகளைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது சரியில்லை. எந்தக் காலேஜாக இருந்தாலும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பெண்களோடு உங்கள் மகள் தனியாகப் பேசட்டும். கோச் உட்கார்ந்திருக்கும் அறையில் யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

சரி, எங்கள் கதை. டிவிஷன் 1 சாக்கரில் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை கோச்சுகள் பிள்ளையோடு ரெக்ரூட்டிங் பேசக்கூடாது. அதற்கு முன் நீங்கள் எத்தனை மெயில் அனுப்பினாலும் முகாம் விளம்பரம்தான் திரும்பி வரும். 'உங்கள் மகளின் ஆட்டத்தை நேரில் பார்க்க ஆவலாக இருக்கிறோம்' என்று பேர் போட்டு வரும் முகாம் அழைப்பைப் பார்த்து மயங்காதீர்கள். என் மகளுக்கு வந்த அதே வாசகம், பேரை மட்டும் மாற்றி, அவள் அணியில் இருந்த கோல்கீப்பருக்கும் வந்தது. பெரியவள் ஆடுவது ஃபார்வர்டு.

2024 ஜூன் 15 அன்று போன் அடித்தது. அந்தக் கோச்சேதான். என் கணவர் எடுத்து வணக்கம் சொல்லிப் பேச ஆரம்பித்ததும், பெண்ணிடம் கொடுங்கள் என்றார் அவர். இது எல்லாருக்கும் பொருந்தும்: மெயிலையும் போனையும் பிள்ளையே பார்க்கட்டும். அப்பா எழுதிய மெயில் எது என்று அவர்களுக்குப் பார்த்ததும் தெரிகிறது.

அந்த ஆகஸ்ட் 11ஆம் தேதி டோரன்ஸ் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். சீசனின் முதல் ஆட்டத்துக்குச் சில நாள்தான் இருந்தது. பெண்கள் அணியில் மட்டும் 900க்கும் மேற்பட்ட வெற்றிகள், 45 சீசன்கள், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு. கிளப் மைதானத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெற்றோர் எல்லாருக்கும் அன்று அதே பேச்சு. அவரிடம் சேர்வதாக முடிவு செய்திருந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அங்கே விஷயம் நல்லபடியாகப் போயிற்று. பல வருஷம் அவரோடு வேலை பார்த்த டேமன் நஹாஸ் பொறுப்பேற்றார். அந்த டிசம்பரில் எங்கள் ஊர் வேக்மெட் பார்க்கிலேயே வேக் ஃபாரஸ்டை 1-0 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தார்கள். 2012க்குப் பிறகு டோரன்ஸுக்கே கிடைக்காத கோப்பை அது. நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு பார்த்தோம்.

நீங்களும் ஓய்வு பெற்றுவிடுவீர்களா என்று எங்கள் கோச்சிடம் அந்த இலையுதிர் காலத்தில் காலேஜைப் பார்க்கப் போனபோது கேட்டோம். சிரித்துவிட்டு, 'நான் எங்கும் போகவில்லை' என்றார். மகளுக்கு இடமும் உதவித்தொகையும் உண்டு என்று அந்த அறையிலேயே சொன்னார். பிளாஸ்க்கிலிருந்து தானே காபி ஊற்றிக் கொடுத்தார். சுவரில் தொண்ணூறுகளிலிருந்து அணிப் படங்கள் வரிசையாக இருந்தன. முதல் படத்தில் அவருக்குத் தலை நிறைய முடி. வீடு திரும்பியதும் ஸ்வெட்ஷர்ட் வந்தது. மற்ற காலேஜ்களுக்கு நன்றி சொல்லி மெயில் போனது.

வசந்த காலத்தில் அவர் ஓய்வு பெற்றார். எங்களுக்கு அது அவரிடமிருந்து தெரியவில்லை, காலேஜின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்த நன்றி வீடியோவிலிருந்து தெரிந்தது. பெரியவள் மெயில் போட்டாள். துணைக் கோச்சிடமிருந்து, புதியவர் வரும்வரை பொறுத்திருங்கள் என்று இரண்டு வரி. பொறுத்திருந்தோம். அந்தத் துணைக் கோச்சும் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

புதியவர் வந்த சமயம் பார்த்துத்தான் காலேஜ் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்தார், 2025 ஜூன் 6. அதற்கு முன் பெண்கள் சாக்கருக்கு ஒரு காலேஜ் 14 முழு உதவித்தொகைக்குச் சமமானதைப் பிரித்துக் கொடுக்கலாம், அணியில் எத்தனை பேரையும் வைத்துக்கொள்ளலாம். சமரசத்தில் சேர்ந்த காலேஜ்களுக்கு இப்போது உதவித்தொகைக்கு வரம்பு இல்லை, அணிக்குத்தான் வரம்பு: 28 பேர். காதில் விழ நன்றாக இருக்கும். முப்பதுக்கு மேல் வைத்திருந்த அணிகள் ஆள் குறைத்தபோதுதான் தெரிந்தது, வரிசையின் அடியில் நிற்பது இன்னும் காலேஜில் சேராத பள்ளிப் பிள்ளைகள் என்று. புதுக் கோச் ஜூமில் வந்தார், மரியாதையாகப் பேசினார். முந்தையவர் என்ன சொன்னார் என்பதற்கு என்னிடம் எந்தப் பதிவும் இல்லை, வேறு காலேஜ்களில் ஆடிய அனுபவமுள்ளவர்களை டிரான்ஸ்ஃபரில் எடுக்கப்போகிறேன் என்றார். கோச் மாறினால் அணியில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, வேறு காலேஜுக்கு மாறப் பேர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்டல் தனியாகத் திறக்கும். பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றும் திறக்காது.

பெரியவள் லேப்டாப்பை மூடிவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிப் போனாள். நான்தான் அழுதேன்.

ஆகவே, வாய்வார்த்தை இரண்டு பக்கமும் யாரையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்தான உதவித்தொகை ஒப்பந்தம் வரும்வரை மற்ற கோச்சுகளோடு பேச்சைத் துண்டிக்காதீர்கள். நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட், அதாவது இந்தக் காலேஜில்தான் சேர்வேன் என்று பிள்ளை போடும் கையெழுத்து என்று மூத்த பெற்றோர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 அக்டோபரிலேயே டிவிஷன் 1இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒப்பந்தம்தான் எல்லாம். அப்புறம், கோச்சோடு பேசி முடித்த அன்றே 'இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்' என்று பிள்ளை ஒரு மெயில் போட்டுவிடட்டும். சட்டப்படி செல்லாது, ஆனால் அடுத்து வருபவர் பதிவே இல்லை என்று சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நடுவில், காலேஜில் ஆடப் பிள்ளைக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தின் காகித வேலை. மாமியாருக்கு உடம்பு முடியாமல் 2022இல் ஒரு வருஷம் சென்னையில் இருந்தோம். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு படித்தது அங்கே. தகுதிக்கு 16 பாடங்கள் வேண்டும், கணக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து. வெளிநாட்டில் படித்த வருஷத்தின் மதிப்பெண்ணை அந்தப் பள்ளியே நேராக அனுப்ப வேண்டும். நாம் ஸ்கேன் செய்து ஏற்றினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் அப்பா பள்ளிக்குப் போனார். ஆபீஸில் இருந்தவர், 'நைன்த்துக்கு மார்க் ஷீட்டெல்லாம் கிடையாது சார், ப்ரோக்ரஸ் ரிப்போர்ட்தான். அது உங்ககிட்டதான் இருக்கணும்' என்றிருக்கிறார். டி.சி.யைக் காட்டினால், பாஸ் என்று போட்டிருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேள்வி. லெட்டர் எழுதிக் கொண்டுபோனார். பிரின்சிபால் போர்டு எக்ஸாம் வேலையில் இருந்தார். ஒருவழியாக முத்திரை குத்தி, உறையில் ஒட்டி, அதைப் பத்திரமாக அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அவரும் சந்தோஷமாக கேரி முகவரிக்குக் கூரியர் அனுப்பினார். ஒரு பிரயோஜனமும் இல்லாமல் அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

காப்பாற்றியவர் பள்ளியின் பி.டி. மாஸ்டர். சென்னையில் பெண்கள் அணி இல்லாமல் பையன்களோடு ஆட விட்டவர் அவர்தான். அப்பா அவரிடம் புலம்பியிருக்கிறார். 'நம்ம பொண்ணு அமெரிக்காவுல காலேஜ் டீம்ல ஆடப்போகுதா? இருங்கய்யா' என்று ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்து, பள்ளியின் அதிகாரப்பூர்வ மெயிலிலிருந்து, அவள் என்.சி.ஏ.ஏ. எண்ணைத் தலைப்பில் போட்டு, பாடவாரியான மதிப்பெண்ணை அனுப்ப வைத்துவிட்டார். அந்த எண்ணை மறக்காமல் கொடுங்கள். அது இல்லாத மெயில் யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

டிவிஷன் 2 காலேஜ் கோடையில் ஒரு டோர்னமென்டில் அவளைப் பார்த்தது. கோச் அங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. டிவிஷன் 2இல் பெண்கள் சாக்கருக்கு மொத்தம் 9.9 உதவித்தொகைதான், அதைத்தான் எல்லாருக்கும் பங்கு போடுகிறார்கள். எங்கள் பங்கு எவ்வளவு என்று இரண்டாவது போனிலேயே எண்ணாகச் சொன்னார், அன்றைக்கே எழுத்திலும் அனுப்பினார். நீங்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்று பெரியவளே கேட்டாள். 'உதவித்தொகை காலேஜ் கொடுப்பது, நான் போனாலும் ஒப்பந்த வருஷம் முழுக்க இருக்கும், ஆட வைப்பாரா என்பது அடுத்த கோச் பாடு' என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

இன்னும் மிச்சம் இருப்பது, இலையுதிர் காலத்தில் சேருகிறவர்கள் ஏப்ரல் 1க்குப் பிறகு தகுதி மையக் கணக்கில் போய்க் கேட்க வேண்டிய இறுதி அமெச்சூர் சான்றிதழ், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை என்பதற்கான சான்றிதழ். பள்ளி முடித்ததும் கடைசி டிரான்ஸ்கிரிப்ட்டையும் கவுன்சிலர் அனுப்பவேண்டும், தானாகப் போகாது. சென்னையிலிருந்து இன்னும் ஏதாவது கேட்டால் பள்ளிப் பக்கம் போகவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பி.டி. மாஸ்டர் நம்பர் என்னிடம் இருக்கிறது.